விண்கலத்தில் இரண்டு இரவுகள்

விடுதி என்பது இளைப்பாறுவதற்கு ஏற்பட்ட இடம். நெடுந்தூரம் பயணம் செய்தவன் பெட்டியைக் கீழே வைத்து, கை கால் கழுவி, ஒரு வாய் உணவு கொண்டு, கதவைத் தாழிட்டு உறங்குவதற்காகவே விடுதிகள் தோன்றின. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் உங்களுக்கு இதனை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புது ஊரில் வேலை ஏற்றுக்கொண்டு, குடியிருக்க வீடு அமையும் வரையில் விடுதி அறையில் நாள்களை எண்ணிக் கழித்தவர் உங்களுள் பலர் இருக்கக்கூடும்.

ஆனால் இன்று நான் சொல்லப்போகும் விடுதி வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே இளைப்பாற வந்தவருக்கு வேலை காத்திருந்தது. சன்னலருகே நின்றால் தெருவும் மரங்களும் தெரியவில்லை, விண்மீன்கள் தெரிந்தன. பணிப்பெண்ணும் சமையற்காரரும்கூட, தாம் வேற்றுக் கோள்களிலிருந்து வந்தவர் போலவே பேசினர். விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு கதைக்குள் நுழைந்து, இரண்டு இரவுகள் அக்கதையிலேயே வாழ்ந்து, மூன்றாம் நாள் காலையில் வெளியே வந்தனர்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் மாபெரும் பொழுதுபோக்குப் பூங்கா 1971-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அதனைச் சார்ந்து 2022-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் ஒரு புதுமையான விடுதி திறக்கப்பட்டது. 'ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் ஸ்டார்குரூசர்' என்பது அதன் பெயர். விண்மீன்களுக்கிடையே செல்லும் உல்லாசக் கப்பல் என்பது அப்பெயரின் கருத்து. அதில் இருந்தவை நூறு அறைகளே. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அதன் கடைசிப் பயணம் முடிவுற்றது. பத்தொன்பது மாதங்களே வாழ்ந்த விடுதி அது. அது எவ்வாறு இயங்கிற்று, அதனுள் தங்கியவர்கள் எதனைப் பெற்றார்கள், இத்தனை விரைவில் அது ஏன் மூடப்பட்டது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் கதையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1977-ஆம் ஆண்டில் ஜார்ஜ் லூக்காஸ் என்னும் இயக்குநர் 'ஸ்டார் வார்ஸ்' என்ற திரைப்படத்தை வெளியிட்டார். தொலைதூரத்து விண்மீன் கூட்டம் ஒன்றில், கொடுங்கோல் ஆட்சிக்கும் அதனை எதிர்த்து நிற்கும் சிறு கூட்டத்தாருக்கும் நிகழும் போராட்டமே அதன் கதை. ஒளியாலான வாளேந்திய வீரர்கள், பேசும் எந்திரங்கள், விசித்திர உருவம் கொண்ட வேற்றுக் கோளினர் ஆகியோர் அக்கதையின் மாந்தர். அப்படத்தைத் தொடர்ந்து பல படங்கள் வந்தன. 2012-ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் லூக்காஸின் படநிறுவனத்தை நானூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து விலைக்கு வாங்கிற்று. பின்னர், 2019-ஆம் ஆண்டில், தன் பூங்காவின் ஒரு பகுதியில் 'பட்டு' என்று பெயரிட்ட கற்பனைக் கோளின் சந்தை ஊர் ஒன்றை உண்மையாகவே கட்டி முடித்தது. மக்கள் அவ்வூரின் தெருக்களில் நடந்தனர். கடைகளில் நீல நிறப் பால் வாங்கிப் பருகினர். ஆயினும் மாலை கவிந்ததும் பூங்காவை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வெளியேறியதும் வழக்கமான சாலை, வழக்கமான வண்டி, வழக்கமான விடுதி! கனவு அங்கேயே கலைந்துவிடும். கனவு கலையாமல் இரவையும் கதைக்குள்ளேயே கழிக்கச் செய்தால் என்ன என்னும் எண்ணத்திலிருந்தே இவ்விடுதி பிறந்தது எனலாம்.

இவ்விடுதியில் விரும்பிய நாளில் வந்து விரும்பிய நாளில் போவதற்கு இடமில்லை. கப்பலில் ஏறுவது போல எல்லோரும் ஒரே நாளில் வர வேண்டும். இரண்டு இரவுகள் தங்கி, ஒரே நாளில் இறங்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் அழகற்றது. பெரிய கற்காரைச் சுவர்களே கண்ணில் படும். அதனை அழகு செய்ய எவரும் முயலவில்லை. ஏனெனில் கதைப்படி அது விடுதியே அன்று. விண்ணிலுள்ள கப்பலுக்கு மக்களை ஏற்றி அனுப்பும் நிலையம் மட்டுமே. உள்ளே சென்றவர்களைச் சிலர் சிலராக ஒரு சிற்றறையில் நிற்க வைப்பார்கள். கதவு மூடும், அறை அதிரும். மேலே உள்ள சன்னலில் வானம் கருத்து, விண்மீன்கள் தோன்றும். சற்று நேரத்தில் மற்றொரு கதவு திறக்கும். திறந்தால் எதிரே 'ஹால்சியன்' என்னும் கப்பலின் பெருங்கூடம்! சீருடை அணிந்த பணியாளர் கைகூப்பாக் குறையாக வரவேற்று நிற்பர். அச்சிற்றறை விண்ணுக்குச் செல்லவில்லை என்பதை எல்லோரும் அறிவர். அறிந்திருந்தும், கதவு திறந்த அந்தக் கணத்தில் மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. நாடகம் பார்க்கும் எவரும் செய்யும் ஒப்பந்தந்தானே அது!

அறைகளின் அமைப்பும் அவ்வாறே. கப்பலில் உள்ளவை போலச் சுவரில் குடைந்த படுக்கைகள் அமைக்கப்பட்டிருந்தன. சன்னல் என்று காணப்பட்டது உண்மையில் ஒரு திரை. கப்பல் ஒரு கோளை விட்டு மற்றொரு கோளுக்கு விரையும்போது அதற்கேற்பச் சன்னலில் காட்சியும் மாறும். அறையிலிருந்த மற்றொரு சிறு திரையில் ஓர் எந்திரப் பணிப்பெண் தோன்றி விருந்தினரோடு உரையாடுவாள். கட்டடம் முழுவதிலும் வெளியுலகைக் காட்டும் சன்னல் ஒன்றேனும் விருந்தினர் கண்ணில் படுவதற்கில்லை. காற்றும் வெயிலும் வேண்டுவோருக்காக உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த சிறு முற்றம் ஒன்று இருந்தது. அதன் மேலே தெரிந்தது உண்மையான புளோரிடா வானமே. ஆனால் அதற்குக் கப்பலில் வழங்கிய பெயர் யாது தெரியுமா? 'தட்பவெப்பப் பாவனைக் கூடம்!' போலியான விண்மீன்களை மெய்யென்று சொன்ன இடத்தில், மெய்யான வானத்தைப் போலி என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதைக் கேட்டுப் புன்னகை செய்யாதவர் இருக்க முடியாது.

இனிக் கதை நடந்த முறையைக் காண்போம். கப்பலுக்கு ஒரு பெண் தலைவி உண்டு. பயணிகளின் பொழுதுபோக்கைக் கவனிக்க ஒருத்தி, புகழ் பெற்ற பாடகி ஒருத்தி, அவளோடு வந்த மேலாளன் ஒருவன், பயந்த சுபாவமுள்ள இளம் பொறியாளன் ஒருவன் ஆகியோரும் இருந்தனர். முதல் நாளே கொடுங்கோல் அரசின் படையதிகாரி ஒருவன் வீரர்களோடு கப்பலில் ஏறிச் சோதனை செய்யத் தொடங்குவான். கப்பலில் எதிர்ப்பாளர் ஒளிந்திருப்பதாக அவனுக்கு ஐயம். அந்நிலையில் பயணி ஒவ்வொருவரும் ஒரு முடிவு செய்தாக வேண்டும். தலைவிக்கு உதவுவதா? படையதிகாரிக்கு ஒற்றனாவதா? இவ்விரண்டும் நமக்கு வேண்டா என்று மேலாளனோடு சேர்ந்து களவுக்குத் துணை போவதா? ஒருவர் எடுத்த முடிவுக்கேற்ப அவர் காணும் காட்சிகளும் மாறின. ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு கட்சி, மகள் மறு கட்சி என்று ஆனதும் உண்டு.

முதல் நாள் இரவு உணவின்போது பாடகியின் கச்சேரி. கப்பலைச் செலுத்தும் மேடையில் பயணிகளுக்குப் பயிற்சி உண்டு. கேடயத்தை இயக்குவது, ஆயுதங்களைக் குறி பார்ப்பது முதலிய பணிகளைக் கூட்டாகச் செய்தாலன்றிக் கப்பல் தப்பாது. ஒளிவாள் பயிற்சியும் அளிக்கப்பட்டது. இரண்டாம் நாள் பயணிகளைச் சன்னல் இல்லாத வண்டியொன்றில் ஏற்றி, முன்னே குறிப்பிட்ட 'பட்டு' ஊருக்கு அழைத்துச் சென்றனர். சன்னல் ஏன் இல்லை? வழியில் மெய்யான சாலையைக் கண்டால் கதை கெட்டுவிடும் அல்லவா? அங்கே செய்து முடிக்க வேண்டிய இரகசிய வேலைகளையும் கொடுத்தனுப்பினர். இரண்டாம் நாள் இரவு, பெருங்கூடத்தில் நாயகியும் எதிரியும் ஒளிவாள் ஏந்திப் போர் புரிவதுடன் கதை முற்றுப்பெறும்.

இத்தனையும் எவ்வாறு இயன்றன? மூன்று பொருள்கள் ஒன்றுகூடி இதனை இயற்றின. ஒன்று கட்டடம், அதனைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது செய்திக் கருவி. பயணிகள் கையில் அணிந்த வளையம் அவர்களுடைய அறைக் கதவைத் திறந்தது. கப்பலின் பொறிகளும் அதனைக் கண்டு இன்னார் என்று அறிந்துகொண்டன. கைபேசி வழியே கதாபாத்திரங்கள் அவர்களுக்குச் செய்தி அனுப்பின. அவர்கள் அளித்த விடைகளைக் கொண்டு, இன்ன நேரத்தில் இன்ன இடத்துக்கு வருக என்ற அழைப்புகள் வந்தன. மூன்றாவது, மற்ற இரண்டினும் முக்கியமானது, நடிகர்கள். மேடை நடிகர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுகிறார். இவர்களோ எவர் என்ன கேட்டாலும் அந்தக் கணமே, பாத்திரத்தை விட்டு வெளிவராமல் விடை கூற வேண்டும். காலையில் ஒரு சிறுவன் சொன்ன பொய்ப்பெயரை மாலையில் நினைவு வைத்து அழைக்க வேண்டும். பயணி ஒருவர் தயங்கி நின்றால் அவரையும் கதைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாளில் இது முடிந்ததும், புதிய முகங்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தகைய நாடகம் முற்றிலும் புதியதன்று. நியூயார்க்கு நகரில் 2011 முதல் 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை 'சிலீப் நோ மோர்' என்னும் நாடகம் நடைபெற்றது. பழைய விடுதி போல அலங்கரித்த கட்டடத்தின் பல மாடிகளில் அது நிகழ்ந்தது. பார்ப்பவர்கள் நடிகர்களைப் பின்தொடர்ந்து அறை அறையாகச் செல்லலாம். ஆனால் அவர்கள் முகமூடி அணிந்து வாய்பேசாதிருக்க வேண்டும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். புளோரிடாவிலோ பார்ப்பவனுக்கும் வாய் திறக்க உரிமை உண்டு. அவனும் ஒரு பாத்திரம். அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினான். புதுமை இதில்தான் இருந்தது.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. துணிந்து பேசுகிறவருக்குக் கதை அள்ளிக் கொடுத்தது. கூச்சமுள்ளவருக்கும், இளைப்பாறுவதையே விரும்பி வந்தவருக்கும், கதை அருகிலேயே நடந்தும் கைக்கு எட்டாமற்போகக்கூடும். இதனை உங்களைவிட நன்கு உணரக்கூடியவர் யார்? மொழி தெரியாத நகரத்தில் முதன்முதல் இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். அண்டை வீட்டாரிடம் இரண்டு சொல்லைத் தப்பும் தவறுமாகவேனும் பேசியவருக்கு ஊர் விரைவில் திறந்துகொண்டது. பேசத் தயங்கியவருக்கு அதே ஊர் நெடுநாள் சன்னலுக்கு வெளியே நின்ற காட்சியாகவே இருந்தது. அவ்விடுதியின் நிலையும் அதுவே. ஒரு வேறுபாடு உண்டு. நமக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது. அவர்களுக்கு இருந்தவை இரண்டே நாள்கள்.

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். இருவர் ஓர் அறையில் தங்குவதற்குக் குறைந்த கட்டணமாக முதலில் அறிவிக்கப்பட்டது 4,809 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 5,999 டாலர். உணவும், கதையும், ஒரு நாள் பூங்கா நுழைவும் இதில் அடங்கும். ஆயினும் இரண்டு இரவுகளுக்கு இத்தொகை என்றால் அமெரிக்க நாட்டு நடுத்தரக் குடும்பமும் மலைத்து நிற்கத்தான் செய்யும்.

ஏன் இவ்வளவு கட்டணம்? தமிழ்ச் சங்கங்களில் நாடகம் போட்ட அனுபவம் உங்களிற் சிலருக்கு இருக்கும். பத்துப் பேர் நடிக்கும் நாடகத்துக்குத் திரை இழுக்க, ஒளி அமைக்க, முகம் ஒப்பனை செய்ய, வசனம் எடுத்துக் கொடுக்க, எல்லோருக்கும் காப்பி கலந்து கொடுக்க என்று எத்தனை பேர் வேண்டியிருக்கிறது! அந்த நாடகத்தை இரண்டு பகலும் இரண்டு இரவும் நிறுத்தாமல் நடத்துவதாக எண்ணிப் பாருங்கள். அரங்கில் ஆயிரம் பேர் அமர்ந்தாலும் நடிகர் எண்ணிக்கை ஒன்றே. ஆகவே கூட்டம் பெருகப் பெருகச் செலவு பங்கிடப்படும். இங்கே அது இயலாது. நடிகர் ஒருவர் ஒவ்வொருவரோடும் முகம் பார்த்துப் பேச வேண்டுமாயின், கூட்டம் சிறிதாகவே இருக்க வேண்டும். நூறு அறைகளுக்கு மேல் கட்டாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சாதாரண விடுதிக்கு வாடிக்கையாக வருவோர் உண்டு. அவர்கள் ஒரே அறையில் நூறு முறையும் தங்குவர். முடிவு தெரிந்த கதைக்கு அவ்வளவு பெருந்தொகை கொடுத்து மீண்டும் மீண்டும் வருவோர் சிலரே. எனவே இரண்டு இரவுக்கொரு முறை புதியவர்களால் கப்பல் நிறைய வேண்டும். நாளடைவில் அது நிறையவில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், செப்டம்பர் இறுதியோடு பயணங்கள் முடிவடையும் என்று நிறுவனம் அறிவித்தது.

அப்படியாயின் மனிதரை நீக்கிவிட்டு எந்திரங்களைக் கொண்டே இத்தகைய விடுதியை நடத்தலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். அச்சோதனையும் வேறோரிடத்தில் நடந்ததுண்டு. ஜப்பான் நாட்டில் நாகசாகி மாவட்டத்தில் 2015-ஆம் ஆண்டு 'ஹென்-நா ஹோட்டல்' என்னும் விடுதி திறக்கப்பட்டது. வருபவரை வரவேற்றுப் பெயர் பதிந்துகொள்ளும் இடத்தில் எந்திர டைனோசர் ஒன்று நின்றது. பெட்டி சுமக்கவும் எந்திரம். அறையில் விருந்தினரோடு பேசவும் சிறு பொம்மை எந்திரம். அப்பொம்மை, உறங்குபவரின் குறட்டையைத் தன்னை அழைக்கும் குரல் என்று தவறாக எண்ணிக்கொண்டு, அவரை எழுப்பி, என்ன வேண்டும் என்று கேட்டதாம்! எந்திரங்களின் பழுதைப் பார்ப்பதே மனிதருக்குப் பெரும் வேலையாயிற்று. இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட எந்திரங்களுள் பாதிக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டதாக 2019-ஆம் ஆண்டில் செய்தி வெளிவந்தது.

இவ்விரண்டு விடுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஜப்பானில் எந்திரங்கள் வேடிக்கை காட்டின. ஆனால் விருந்தினரைப் புரிந்துகொள்ள அவற்றால் இயலவில்லை. புளோரிடாவில் மனிதர்கள் அதனைச் செய்து காட்டினர். ஆனால் அதற்குரிய விலையைக் கொடுக்கப் போதிய மக்கள் இல்லை. திரையில் ஓடும் விண்மீன்களை ஒரு முறை அமைத்துவிட்டால் ஆயிரம் சன்னல்களில் காட்டலாம். ஒருவர் மற்றொருவரை நிமிர்ந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, 'நீ இல்லாமல் இந்தக் காரியம் நடவாது' என்று கூறுவதை அவ்வாறு பெருக்கிக் காட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் ஒருவர் உண்மையாகவே அதனைச் செய்ய வேண்டும்.

அக்கப்பலுக்குச் சென்று மகிழ்ந்து திரும்பியவர்கள் பின்னர் விரும்பிப் பேசியதும் பெரும்பாலும் இதைப் பற்றியே. சன்னலில் கண்ட விண்மீன்களைவிட, தம்மை நம்பி ஓர் இரகசியத்தைச் சொன்ன அந்தப் பயந்த பொறியாளனே அவர்கள் நினைவில் நின்றான். அவனுக்காக அதிகாரியிடம் பொய் சொன்ன சிறுமி, தன் துணிவைத் தானே கண்டு வியந்தாள். அலுவலகத்தில் எவரும் கருத்துக் கேளாத மனிதரிடம் கப்பல் தலைவி கருத்துக் கேட்டாள். அது நடிப்பு என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஆயினும் அவர்களுக்கு உண்டான மகிழ்ச்சி நடிப்பன்று.

மூன்றாம் நாள் காலையில் கதவு திறந்து வெளியே வந்தவர்கள் கண்டவை அழகற்ற கற்காரைச் சுவரும், வண்டிகள் நிற்குமிடமும், கண்ணைக் கூசும் வெயிலுமே. பலர் சற்று நேரம் அங்கேயே நின்று, இரண்டு நாள்களுக்கு முன் அறிமுகமே இல்லாத சக பயணிகளிடம் விடைபெற்றுக்கொண்டனர். இப்போது அக்கப்பல் இல்லை. ஆனால் புதிதாக ஊருக்கு வந்தவர் ஒருவரின் கதவைத் தட்டி, பெயரைக் கேட்டு, ஏதேனும் வேண்டுமா என்று விசாரிப்பதற்கு விண்கலம் வேண்டியதில்லை. 4,809 டாலரும் வேண்டியதில்லை. நாம் முதன்முதல் வேற்றூருக்கு வந்த நாளில் நமக்கு யாரோ ஒருவர் அதனைச் செய்தார். அடுத்த வீட்டுக்கு நாளை பெட்டியோடு வந்து இறங்குபவருக்கு அதனைச் செய்யும் முறை நம்முடையது.